அம்மாவின் பயாப்சி ஸ்லைடுகளை மறுஆய்வுக்கு அனுப்பிய அனுபவம்: ஐந்துக்கு நாலரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரைப்பையில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் இருந்து வரும் கட்டி, என்று ரிப்போர்ட் வந்து, அதில் ஜி1 அல்லது ஜி2 என்று கிரேடு (எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்ற அளவு) மட்டும் போட்டிருந்து, அது எந்த வகை என்று ஒரு வார்த்தை கூட இல்லையென்றால், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பு அந்த ஸ்லைடுகளை இந்த மாதிரிக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய ஒரு பேத்தாலஜிஸ்டிடம் (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) மறுஆய்வுக்கு அனுப்பிவிடுங்கள். நாங்கள் அனுப்பினோம். அம்மாவின் வயிற்றில் இன்றுவரை கத்தி படவில்லை, இப்போதைக்குப் படத் தேவையும் இல்லை என்று கையெழுத்துடன் தாளில் இருக்கிறது.

சேவையின் பெயரை இங்கே போடவில்லை. முதலில் பயாப்சி பார்த்த ஆய்வகத்தின் பெயரும் இல்லை. ஒரு நல்ல மறுஆய்வில் என்னென்ன நடக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் நீங்கள் எங்கே அனுப்பினாலும் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதை இப்படித் தொடங்கியது. அம்மாவுக்கு 58 வயது. ஒரு வருடமாகவே சோர்வு. படி ஏறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டும் ஏறவில்லை. ராத்திரியில் உள்ளங்கால் மரத்துப்போய் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார், நாங்கள் அதை வயசு என்று விட்டுவிட்டோம். கடைசியில் எண்டோஸ்கோபி செய்ததில் இரைப்பையின் நடுப்பகுதியில் ஆறு சின்னச் சின்ன மேடுகள், பெரியது 7 மில்லிமீட்டர். அந்தப் பெரியதில் இருந்து மட்டும் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட் மொத்தம் இரண்டே வரி: நன்கு வேறுபட்ட (செல்கள் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும்) நியூரோஎண்டோகிரைன் கட்டி, ஜி2, கேஐ-67 (பெருகும் செல்களின் கணக்கு) சுமார் 5 சதவீதம், மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. இதற்கு நடுவில் நெஞ்செரிச்சல் இருக்கலாம் என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஆரம்பித்திருந்தார்கள், அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தில் அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைப் பார்த்தார்கள், இந்த மாதிரிக் கட்டிச் செல்கள் வெளியிடும் குரோமோகிரானின் ஏ என்ற புரதத்தைப் பார்த்தார்கள், இரண்டும் பல மடங்கு அதிகம். உடனே, கணையத்திலோ முன்சிறுகுடலிலோ கேஸ்ட்ரின் சுரக்கிற இன்னொரு கட்டி ஒளிந்திருக்கலாம் என்றார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்கவில்லை. அக்கா ஒரு பக்கம் நெட்டில் தேடி, கல்லீரலுக்குப் பரவியவர்களின் கதைகளை எல்லாம் படித்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

சரி, சேவைக்கு வருகிறேன்.

விண்ணப்பப் படிவத்தைப் பார்த்ததுமே எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பெயர், வயது, பழைய ரிப்போர்ட் என்று மூன்று கட்டத்தோடு நிறுத்தவில்லை. மேடுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த அளவு, இரைப்பையின் எந்தப் பகுதியில், சுற்றியிருக்கும் சவ்வு மெலிந்து வெளிறி இருந்ததா அல்லது மடிப்புகள் தடித்துப் போயிருந்தனவா, கேஸ்ட்ரின் அளவு என்ன, அதை எடுத்த அன்று எந்த மாத்திரை சாப்பிட்டார், பி12 பார்த்தாயிற்றா, தைராய்டு கோளாறு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது பாராதைராய்டு, பிட்யூட்டரி, கணையக் கட்டிகள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். எண்டோஸ்கோபி படங்களையும் இணைக்கச் சொன்னார்கள். ஒரு துளி திசுவைப் பார்க்க எதற்கு இத்தனை கேள்வி என்று மாமா கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியாது.

ஸ்லைடுகளை மட்டும் அனுப்பினால் போதாது, மெழுகு பிளாக்கும் வேண்டும் என்றார்கள். இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். பயாப்சி திசுவை மெழுகில் பதித்து வைப்பதுதான் பிளாக். அதில் இருந்து மெல்லிய சீவல்களாகச் சீவித்தான் ஸ்லைடு செய்கிறார்கள். புதிதாக ஒரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் புதுச் சீவல் வேண்டும், அதற்குப் பிளாக் இல்லாமல் முடியாது. முதல் ஆய்வகம் பிளாக்கைக் கொடுக்கத் தயங்கியது. எழுத்தில் கேட்டு, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுத்த பிறகே தந்தார்கள். கொண்டுபோகும்போது பிளாக்கைச் சூடு படும் இடத்தில் வைக்காதீர்கள், மெழுகு.

பெட்டி போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பேத்தாலஜிஸ்டே நேரடியாக என்னைக் கூப்பிட்டார். வயதான அம்மையார், நிதானமான குரல். "கட்டியை அனுப்பியிருக்கிறீர்கள்ம்மா, வயிற்றை அனுப்பவில்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது: இது நியூரோஎண்டோகிரைன் கட்டிதான், அதில் சந்தேகமில்லை, கிரேடையும் எண்ணிச் சொல்லிவிடலாம், ஆனால் இரைப்பையில் வரும் இந்தக் கட்டி எந்த வகை என்று கட்டிக்குள்ளே எழுதியிருக்காது, அது முளைத்த வயிற்றின் நிலைமையில்தான் எழுதியிருக்கும். கட்டி இல்லாத இடங்களில் இருந்து தனித்தனியாகப் பயாப்சி வேண்டும். அது இல்லாமல் வகை என்று எதையும் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த நேரத்தில் கோபம்தான் வந்தது. இன்னொரு எண்டோஸ்கோபியா, அம்மா ஏற்கெனவே பயந்து போயிருக்கிறார். ஆனால் அவர் அவசரப்படாமல் இருபது நிமிஷம் எடுத்து விளக்கினார், அந்த இருபது நிமிஷத்துக்காகவே நான் இந்தச் சேவைக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இரைப்பையின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. கீழ்ப்பகுதிக்கு ஆன்ட்ரம் என்று பெயர், அங்கே ஜி செல்கள். இந்த ஜி செல்கள் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடும். கேஸ்ட்ரின் மேலே போய் ஈசிஎல் என்று சொல்கிற செல்களைத் தட்டி எழுப்பும், அவை ஹிஸ்டமினைச் சுரக்கும், ஹிஸ்டமின் பக்கத்தில் இருக்கும் அமிலச் செல்களை முடுக்கிவிடும். அமிலம் போதுமான அளவு சேர்ந்ததும் ஜி செல்கள் அடங்கிவிடும். ஒழுங்காக இயங்கும் வயிற்றில் நடப்பது இது. சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே தன் அமிலச் செல்களைத் தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடுகிறது. அமிலம் வற்றிவிடும். அடங்கச் சொல்ல அமிலம் இல்லாததால் ஜி செல்கள் கேஸ்ட்ரினைக் கொட்டிக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில், வருடக்கணக்கில். அந்த ஓயாத தூண்டுதலில் ஈசிஎல் செல்கள் பெருகிப் பெருகி, முதலில் வரிசையாக, அப்புறம் சின்ன முடிச்சுகளாக, அரை மில்லிமீட்டர் அளவை எட்டிய பிறகு கட்டி என்ற பெயரைப் பெறுகின்றன.

முதல் வகை என்று சொல்வது இதைத்தான். இரைப்பை நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் 70 முதல் 80 சதவீதம் இந்த வகை, பெண்களுக்கே அதிகம், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான பல மேடுகள், பரவுவது மிக அரிது. அமிலச் செல்கள்தான் பி12 வைட்டமினை உடல் உறிஞ்சுவதற்குத் தேவையான புரதத்தையும் தயாரிக்கின்றன. அவை அழிந்தால் பி12 ஏறாது, பி12 இல்லாவிட்டால் இரத்தசோகை, கால் மரத்துப்போவது. அமிலம் இல்லையென்றால் இரும்புச்சத்தும் சரியாக உடலில் ஏறாது. அம்மாவின் சோர்வும், வேலை செய்யாத இரும்பு மாத்திரையும், எறும்பு ஊர்கிற உள்ளங்காலும், இந்த ஆறு மேடும் எல்லாம் ஒரே நோயின் வேலையாக இருக்கலாம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. ஒரு வருடமாக வேறு வேறு டாக்டர்களிடம் வேறு வேறு புகாராகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் வகை இதற்கு நேர் எதிர். கணையத்திலோ முன்சிறுகுடலிலோ கேஸ்ட்ரின் சுரக்கும் கட்டி ஒன்று இருந்து அதனால் கேஸ்ட்ரின் ஏறும், அமிலமும் பொங்கி வழியும், புண், வயிற்றுப்போக்கு, தடித்த மடிப்புகள். எம்இஎன்1 என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு வருவது. இது சுமார் 5 சதவீதம்தான். மூன்றாம் வகையில் கேஸ்ட்ரின் சாதாரணம், சுற்றியிருக்கும் வயிறும் பெரும்பாலும் சாதாரணம், கட்டி பெரும்பாலும் ஒன்றே ஒன்று, பெரியது, நிணநீர் முடிச்சுக்கும் கல்லீரலுக்கும் போகும் வாய்ப்பு மிக அதிகம். இரைப்பையை எடுப்பது என்ற பேச்சுக்கெல்லாம் இடம் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில்தான். இந்த மூன்றாகப் பிரிக்கும் முறையை 1993ல் கைடோ ரிண்டியும் அவரோடு இருந்தவர்களும் எழுதினார்கள், இவ்வளவு வருடம் ஆகியும் சிகிச்சை அதை வைத்தே முடிவாகிறது. அப்படியிருக்க, வகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத ரிப்போர்ட்டை வைத்து எங்களிடம் ஆபரேஷன் பேசினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேஸ்ட்ரின் அதிகம் என்று பயந்தோமே, அதற்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. முதல் வகையிலும் அதிகம், இரண்டாம் வகையிலும் அதிகம், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டாலும் அதிகம். முதல் இரண்டையும் பிரிப்பது வயிற்றில் அமிலம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. குரோமோகிரானின் ஏ கூட அதே மாத்திரையாலும், அமிலம் வற்றிய வயிறு என்பதாலுமே ஏறும், ஆகவே அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம் என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி கேஸ்ட்ரின் பார்க்க வேண்டும். ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டாம் வகையாக இருந்தால் திடீரென்று நிறுத்துவதில் புண் வெடித்து இரத்தம் கசிகிற ஆபத்து உண்டு, டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். எங்களுக்கு இடையில் வேறு வகை மாத்திரை கொடுத்து, பார்த்துப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள்.

இரண்டாவது எண்டோஸ்கோபிக்கு முன்பே சேவையில் இருந்து ஒரு பக்கத் தாள் அனுப்பினார்கள், எண்டோஸ்கோபி டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி. ஆன்ட்ரத்தில் இருந்து இரண்டு துண்டு, நடுப்பகுதியில் இருந்து இரண்டு துண்டு, மேடு இல்லாத இடமாகப் பார்த்து எடுத்து, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம் உள்ள தனித்தனி பாட்டிலில் போட்டு, ஒவ்வொன்றிலும் இடம் எழுத வேண்டும். மேடுகளில் இருந்து எடுப்பது வேறு பாட்டில். வயிற்று நீரை உறிஞ்சி அமில அளவு பார்க்க வேண்டும். டாக்டர் நல்ல மனிதர், தாளை வாங்கிப் படித்துவிட்டு அப்படியே செய்தார். செய்து முடித்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டு, குழாய் வழியாக உறிஞ்சிய நீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துக் காட்டினார். அமிலம் இருந்தால் சிவப்புக்குப் போக வேண்டிய பட்டை பச்சையில் நின்றது. பிஎச் 7. தண்ணீர் மாதிரி. வயிற்றில் அமிலமே இல்லை. இத்தனை மாதமாக அம்மா அமிலத்தைக் குறைக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுஆய்வு முடிந்த பிறகு விடியோ அழைப்பில் ஸ்லைடுகளைத் திரையில் காட்டுவார்கள். இது எல்லா இடத்திலும் கிடைக்காது என்று நினைக்கிறேன், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு படம். முதலில் நடுப்பகுதித் துண்டைக் காட்டினார். "இதை எந்த இடம் என்று சொல்லாமல் என்னிடம் கொடுத்திருந்தால் நான் ஆன்ட்ரம் என்றுதான் நினைத்திருப்பேன்" என்றார். அமிலச் செல்கள் அழிந்த இடத்தில் ஆன்ட்ரத்தில் இருப்பது மாதிரியான சுரப்பிகள் வந்து உட்கார்ந்துவிடுமாம், அங்கங்கே குடலில் இருக்கும் வகைச் செல்களும். அதனால்தான் பாட்டிலில் இடம் எழுதச் சொன்னார்கள். அதோடு விடாமல் அதே துண்டில் கேஸ்ட்ரின் சாயம் போட்டுப் பார்த்திருந்தார். உண்மையான ஆன்ட்ரமாக இருந்தால் ஜி செல்கள் பழுப்பாகத் தெரிய வேண்டும். ஒன்று கூட இல்லை. ஆக இது நடுப்பகுதிதான், ஆனால் தன் முகத்தைத் தொலைத்துவிட்ட நடுப்பகுதி. ஆன்ட்ரத் துண்டிலோ ஜி செல்கள் நிறைய.

அப்புறம் குரோமோகிரானின் சாயம் போட்ட ஸ்லைடு. வெளிர் நீலப் பின்னணியில் ஒரு சுரப்பியின் அடியில் பழுப்புப் புள்ளிகள் மணி கோர்த்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவர் அம்புக்குறியை நகர்த்தி எண்ணிக் காட்டினார். ஐந்து செல் தொடர்ந்து நின்றால் அது வரிசைப் பெருக்கம். கொஞ்சம் தள்ளி ஒரு குட்டி உருண்டை, அது முடிச்சுப் பெருக்கம். மேட்டில் இருந்து எடுத்த துண்டில் முழுக் கட்டி. ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் ஒரே வயிற்றில் வரிசையாகக் கிடக்கின்றன. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "இதெல்லாம் எனக்குள்ளேயா" என்று கேட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கிரேடு. இங்கேதான் முதல் ரிப்போர்ட் உண்மையாகவே தவறியிருந்தது. கேஐ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் உட்கருவில் மட்டும் காணப்படும் ஒரு புரதம். 1983ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடித்ததால் ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்து அதன் பெயரில் இருக்கிறது. சாயம் போட்டால் பெருகும் செல்கள் பழுப்பாகும், நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். உலகச் சுகாதார அமைப்பின் 2019 வகைப்பாட்டின்படி 3 சதவீதத்துக்குக் கீழே ஜி1, 3 முதல் 20 வரை ஜி2, 20க்கு மேல் ஜி3. செல் பிரிவதையும் 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ணுவார்கள், இரண்டில் எது அதிகக் கிரேடோ அதுதான் கணக்கு. கண்ணால் பார்த்துச் சுமார் இவ்வளவு என்று போடுவதற்கு இதில் இடமில்லை, அதிகம் பழுப்பாக இருக்கும் இடமாகப் பார்த்துக் குறைந்தது 500 செல்லாவது எண்ண வேண்டும். அவர்கள் அந்த இடத்தைப் படம் எடுத்து, அச்சடித்து, ஒவ்வொரு செல்லாகப் பேனாவால் குறித்து எண்ணியிருந்தார்கள். அந்தத் தாளை ரிப்போர்ட்டோடு சேர்த்தே கொடுத்தார்கள். மொத்தம் 1,240 செல், அதில் 14 பழுப்பு. 1.1 சதவீதம். ஜி1.

5 சதவீதம் எங்கிருந்து வந்தது? அதையும் காட்டினார். சின்னப் பயாப்சித் துண்டில் கட்டியை ஒட்டியே சாதாரணச் சுரப்பிகளும் இருக்கும், அவற்றின் கழுத்துப் பகுதியில் செல்கள் இயல்பாகவே வேகமாகப் பெருகும், அவையும் பழுப்பாகும். அழற்சி இருப்பதால் வந்து கூடியிருக்கும் வெள்ளணுக்களும் பழுப்பாகும். கட்டிச் செல்லை மட்டும் பிரித்து எண்ணாவிட்டால் எண் ஏறிவிடும். முதல் ஆய்வகத்தைப் பற்றி அவர் ஒரு குறை சொல்லவில்லை, இந்த மாதிரிக் கட்டி வருடத்துக்கு ஒன்றிரண்டு பார்ப்பவர்களுக்கு இது நடக்கும் என்று மட்டும் சொன்னார். என்னால் அவ்வளவு பெருந்தன்மையாக இருக்க முடியவில்லை. ஜி1க்கும் ஜி2க்கும் நடுவில் எங்கள் வீட்டில் மூன்று வாரத் தூக்கம் போனது.

ஜி3 என்றதும் ஒன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன், தேவைப்படுபவர்களுக்காக எழுதுகிறேன். 20 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே எல்லாம் ஒன்றில்லை. 2010 வகைப்பாட்டில் அப்படி எல்லாவற்றையும் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா என்றுதான் போட்டார்கள். 2019ல் இருந்து, செல்கள் பார்வைக்கு ஒழுங்காக இருந்தால் அது ஜி3 கட்டி, உருக்குலைந்து இருந்தால் கார்சினோமா என்று பிரித்துவிட்டார்கள், இரண்டுக்கும் சிகிச்சை வேறு. பார்த்துச் சொல்ல முடியாமல் இழுபறியாக இருந்தால் பி53, ஆர்பி1 என்ற இரண்டு புரதங்களைக் காட்டும் சாயங்கள் உதவும். உங்கள் ரிப்போர்ட்டில் கேஐ-67 இருபதுக்கு மேல் என்றிருந்தால் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அதே போல ஒரே ஒரு கட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல், கேஸ்ட்ரின் சாதாரணம் என்றால் மறுஆய்வுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். எண்டோஸ்கோபி வழியாகவே செய்யும் அல்ட்ராசவுண்டும் இந்த வகைக் கட்டி உடலில் வேறு எங்காவது இருக்கிறதா என்று காட்டும் காலியம் 68 டோட்டாடேட் பெட் ஸ்கேனும் அவர்களுக்குத்தான் அவசரம். அம்மாவுக்கு அந்த ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளில் கார்சினாய்டு என்ற சொல் இருக்கும். எங்களிடமும் ஒருவர் அதைத்தான் சொன்னார். 1907ல் ஓபர்ன்டார்ஃபர் என்ற ஜெர்மன் பேத்தாலஜிஸ்ட், புற்றுநோய் போலத் தெரிந்தாலும் அப்படி நடந்துகொள்ளாத குடல் கட்டிகளுக்கு வைத்த பெயர். சிலது பரவவும் செய்யும் என்று அவரே பிற்காலத்தில் திருத்திக்கொண்டார். அந்தச் சொல்லைக் கேட்டு நிம்மதி அடையவும் வேண்டாம், பதறவும் வேண்டாம், வகையையும் கிரேடையும் கேட்டு வாங்குங்கள்.

இறுதி ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம். முதல் வகை, ஜி1, சவ்வுக்கும் அதன் அடியடுக்குக்கும் உள்ளேயே இருக்கிறது, இரத்தக்குழாய்க்குள் நுழையவில்லை, பின்னணியில் தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சி, ஹெலிகோபேக்டர் கிருமி இல்லை என்று எல்லாம் தனித்தனி வரியாக இருந்தது. பயாப்சித் துண்டு சின்னது என்பதால் செல் பிரிவை எண்ணக் கிடைத்த பரப்பு 2 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதைக் கூட ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். அதன் பிறகு செய்த இரத்தப் பரிசோதனையில் அமிலச் செல்லுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது, பி12 தரையில் கிடந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.

இப்போது குறைகள். கட்டி அல்லாத இடத்துப் பயாப்சி இல்லையென்றால் வகை சொல்ல முடியாது என்பதை அவர்கள் பதிவு செய்யும் இடத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பெட்டி போய், அவர்கள் பார்த்து, எங்களைக் கூப்பிட்டு என்று ஒன்பது நாள் வீண். பயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஒன்பது நாள் என்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அரை நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான். திரும்பி வந்த ஸ்லைடுகளில் ஒன்று கீறல் விழுந்து வந்தது, சொன்னதும் புதிதாக ஒன்று செய்து அனுப்பினார்கள், ஆகவே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ரிப்போர்ட்டின் மொழி டாக்டருக்காக எழுதியது, விடியோ அழைப்பு இல்லையென்றால் எங்களுக்குப் பாதி புரிந்திருக்காது. அலுவலகத் தொலைபேசியில் ஆள் கிடைப்பது கஷ்டம், மெயில் போட்டால் மறுநாள் பதில் வரும்.

அனுப்பப் போகிறவர்கள் எண்டோஸ்கோபி செய்யும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். மேட்டோடு நிறுத்தாமல் ஆன்ட்ரத்திலும் நடுப்பகுதியிலும் தனித்தனியாக எடுப்பீர்களா, பாட்டிலில் இடம் எழுதுவீர்களா, வயிற்று நீரின் அமில அளவைப் பார்ப்பீர்களா என்று. இதைக் கேட்க எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, டாக்டருக்குப் பாடம் எடுக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. இதை முதல் தடவையே கேட்டிருந்தால் அம்மா இரண்டாவது முறை அந்தக் குழாயை விழுங்கியிருக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனதும் ஆபரேஷன் பேச்சு நின்றுவிட்டது. 7 மில்லிமீட்டர் மேட்டை மட்டும் எண்டோஸ்கோபியிலேயே எடுத்தார்கள், ஓரங்களில் கட்டி இல்லை என்று அதற்கும் அதே பேத்தாலஜிஸ்ட் எழுதிக் கொடுத்தார். மற்றவை சின்னவை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கேஸ்ட்ரின் அப்படியேதான் இருக்கும், புதிது புதிதாக மேடு வரலாம், அமிலம் வற்றிய வயிற்றில் சாதாரண இரைப்பைப் புற்றுநோய்க்கும் ஆபத்து கொஞ்சம் கூடுதல், ஆகவே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி கட்டாயம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியாயிற்று. பி12 ஊசி போட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது, ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது, உள்ளங்கால் மரத்துப்போவது முழுதாகப் போகவில்லை, ஆனால் ராத்திரி எழுந்து உட்காருவதில்லை. பிளாக்குகள் எல்லாம் எண்ணிப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டன. ஒரு டப்பாவில் போட்டு, மேலே தேதியும் எந்த இடத்துத் துண்டு என்பதும் எழுதி, அலமாரியில் வெயில் படாத தட்டில் வைத்திருக்கிறேன், அடுத்த முறை எடுக்கும் துண்டுகளோடு ஒப்பிட இவை வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.